கிளிநொச்சிப் பக்கம் மாதாந்தப் பறவை நடை: எந்த மாதம் எந்தக் குளம், எந்தக் களப்பு?

பரந்தன்_வாசகர்:

வணக்கம். எங்கள் வாசகர் வட்டமும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் சிலரும் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு பறவை பார்க்கப் போகலாம் என்று இருக்கிறோம். 25 பேர் மட்டில் வருவினம். கையில் மூன்று பைனாகுலர் இருக்கு, ஒரு ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கிற தொலைநோக்கி) இரவல் கிடைக்கும். பஸ் பிடிக்கலாம். எல்லாருக்கும் முதல் ஆசை பூநாரைதான், அதனால் ஜனவரியில் சுண்டிக்குளத்தில் தொடங்குவம் என்று ஒரு கதை. அது சரிவருமா? அனுமதி எங்கெங்கே தேவை? 25 பேரை வைச்சுக்கொண்டு பறவையைக் கலைக்காமல் எப்படி நடத்துறது? எண்ணிக்கை எடுத்தால் யாருக்காவது பயன்படுமா?

குளக்கட்டு:

ஜனவரி சுண்டிக்குளத்தை விடுங்கோ. பூநாரை தேடுமுன் இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பார்க்க வேணும்.

கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு வருது. குளம் 36 அடிக்கு நிறைந்து வான்கதவு திறந்தால், மிச்சத் தண்ணீர் போய்ச் சேருவது ஆனையிறவு, சுண்டிக்குளம் களப்புக்குத்தான். மாரி மழையும் அதோடு சேர, களப்பு விளிம்பு வரை நிரம்பிவிடும். பூநாரை நின்றபடி தலையைக் கவிழ்த்துச் சேற்றை வடித்துத் தின்கிற பறவை. முழங்கால் மட்டத் தண்ணீர்தான் அதுக்கு வசதி. கொசு உள்ளான் மாதிரிச் சின்னதுகளுக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் இருந்தாலே சரிவராது. அதனால் குளம் வான் பாய்கிற கிழமைகளில் களப்புக்குப் போனால் வெறும் தண்ணீரையும் நாலு நீர்க்காகத்தையும் பார்த்துவிட்டு வரலாம். மழை விட்டு மூன்று நாலு கிழமை கழிய, வெயில் களப்பை வற்றவைத்து ஓரத்தில் கறுப்புச் சேறு வெளியில் தெரியத் தொடங்கும். பெரும்பாலும் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிவு வரை. அதுதான் உங்கள் பூநாரை மாதம். மழை பிந்தின வருசம் அதுவும் பிந்தும், நாட்காட்டியை நம்ப வேண்டாம்.

குளங்களுக்கு இதே கணக்கு மறுபக்கம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிய, ஓகஸ்ட், செப்டெம்பரில் இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம் எல்லாம் இறங்கி அலைகரைப் பக்கம் (தண்ணீர் ஏறி இறங்குகிற கரை) சேறு விரியும். வடக்கிலிருந்து முதல் வருகிற பொறி உள்ளான், கொசு உள்ளான் அங்கேதான் இறங்கும். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் ஒடுங்கின தண்ணீரில் மீனுக்கும் நத்தைக்கும் கூடும். புதுக் குழுவுக்கு இதுதான் நல்ல தொடக்கம்: பறவை பெரிசு, கிட்ட நிற்கும், குளக்கட்டில் உயரத்தில் நின்று பார்க்கலாம், ஒருவரும் சேற்றில் இறங்கத் தேவையில்லை. கட்டு முழுக்க நடக்காதையுங்கோ. துருசடியிலிருந்து (தண்ணீர் திறந்துவிடுகிற மதகடி) ஒன்று, ஒன்றரைக் கிலோமீற்றர் போதும். வாய்க்கால் ஓரப் பற்றைகளை விடாமல் பாருங்கோ; ஒக்டோபருக்குப் பிறகு ஆறுமணிக்குருவி அதுக்குள்ளேதான் நிற்கும்.

அனுமதி: சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. பூங்கா எல்லைக்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேணும். நந்திக்கடல் இயற்கை ஒதுக்கம், அங்கேயும் கேட்டுத்தான் போக வேணும். வங்காலை, கொக்கிளாய் சரணாலயங்கள். றோட்டில் நின்று பார்க்க அனுமதி தேவையில்லை, ஆனால் முட்டை, கூடு, குஞ்சில் கைவைத்தால் சட்டப்படி குற்றம். எங்கே போனாலும் குழுவின் பெயர், ஆள் தொகை, நேரம் எழுதின கடிதம் ஒன்றை ஒரு கிழமைக்கு முன்னமே கொடுங்கோ. பிரதியைப் பஸ்சில் வையுங்கோ. வழியில் யார் மறித்துக் கேட்டாலும் அந்தக் கடதாசி உதவும்.

ஆலா_மன்னார்:

ஜனவரிக்கு இடம் வேண்டுமென்றால் மன்னாரில் உள்ள வங்காலைக்கு வாருங்கள். 2008இல் சரணாலயம், 2010இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, 4,839 ஹெக்டேயர். மதவாச்சி–தலைமன்னார் வீதி இதற்குள்ளால்தான் போகிறது. பஸ்சை ஓரங்கட்டி இறங்கினால் வாத்து தெரியும்.

விடிகாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பக்கத்தை மட்டும் பாருங்கள். எதிர்ப்பக்கம் எல்லாமே கறுப்பு நிழல்தான், அனுபவசாலிக்கும் அடையாளம் பிடிபடாது. அதைப் பின்னேரத்துக்கு விட்டுவிடுங்கள். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு ஸ்கோப்பை மூடலாம். அதற்குப் பிறகு உவர்த்தரையிலிருந்து கானல் எழும்பி உருவம் நடுங்கத் தொடங்கும். பிள்ளைகள் உடனே ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருப்புவார்கள். அப்போது நடுக்கமும் சேர்ந்து பெருக்கும். 20 முதல் 30க்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வாத்துகளில் ஊசிவாலன் சுலபம்: நீண்ட கழுத்து, கூரான வால், ஆணுக்குக் கபிலத் தலையில் கழுத்திலிருந்து ஏறும் வெள்ளைக் கோடு. நாமத்தலை வாத்துக்கு நெற்றியில் வெண்மஞ்சள் நாமம், சீழ்க்கை மாதிரி சத்தம். நீலச்சிறகியில்தான் எல்லாரும் தடுக்குவார்கள். ஆணின் வெள்ளைப் புருவத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு நவம்பரில் தேடினால் கிடைக்காது. வரும்போது ஆணும் பெட்டை மாதிரியே மங்கலாக இருக்கும், சோடிப்பு இறகு பிந்தித்தான் முளைக்கும். அதுவரை முகத்தில் ஓடும் மங்கல் வரிகளையும், பறக்கும்போது ஆணின் முன்சிறகில் தெரிகிற நீலச்சாம்பல் நிறத்தையும் பிடியுங்கள்.

சேற்றில் ஓடுகிற உப்புக்கொத்திகளுக்கு ஒரு குறிப்பு. பிடரியில் வெள்ளைப் பட்டி முழுதாகச் சுற்றி இருந்தால் அது மங்கோலிய உப்புக்கொத்தி அல்ல. அனுமன் உப்புக்கொத்தி அந்தப் பட்டி உள்ள கூட்டத்தைச் சேர்ந்தது. 2023இல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். இங்கேயே, வெறுந்தரையில் முட்டையிடும். வடக்கிலிருந்து வருகிற அதன் உறவுக்காரரும் குளிர்காலத்தில் கலந்து நிற்கலாம் என்பதால், ஜனவரியில் அதை இனம் பிரிக்கச் சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் வெயில் ஏறின மாதங்களில் ஒரு சோடி உங்களைச் சுற்றி ஓடி, சிறகு முறிந்த மாதிரி நடித்தால், காலடியில் முட்டை இருக்கிறது. மண்ணிறத்தில் புள்ளியிட்ட முட்டை, சிப்பித் துண்டுகளுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாது. வந்த அடித்தடத்திலேயே திரும்பி நடக்க வேண்டும். படம் எடுக்கக் கூடிநின்றால் அந்த வெயிலில் முட்டை கருவோடு வெந்துவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று ஸ்கோப்பை நிற்க விடாது. அந்த மாதங்களுக்கு மன்னாரைத் திட்டத்தில் போடாதீர்கள்.

தரவை:

பறவைக் கதை நல்லது. 25 பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது கால் வைக்கிற இடம்.

கண்ணிவெடி அகற்றாத துண்டுகள் இன்னும் இருக்கு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புப் பூசின கட்டை கண்டால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். பலகை இல்லை என்பது மட்டும் சான்று அல்ல. ஊர்ச்சனம் நாளாந்தம் மாடு சாய்க்கிற, சைக்கிள் ஓடுகிற தடத்தில் மட்டும் நடவுங்கோ. அதுக்கும் மேலால், மாரி வெள்ளம் ஆற்றங்கரையையும் களப்போரத்தையும் அரித்தால் பழைய எறிகணைகள் வெளியில் வரும். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கோ. படம் எடுக்கிறவர்தான் கூடுதலாக விலகுவார், கண் கமராவில் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேணும்.

முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கம் யானை. வெளிச்சம் நன்றாக விழுமுன் காட்டோரத்தில் இறங்க வேண்டாம், பின்னேரம் ஐந்தரைக்குள் பஸ்சில் ஏறுங்கோ. பற்றைக்குள் கட்டுத்துவக்கு (மிருகத்துக்குக் கட்டிவைத்த துவக்கு), பன்றிக்கு இழுத்த மின்கம்பி, வெங்காய வெடி என்கிற சின்ன வெடிபொருள் இருக்கலாம். அதனால் குருவி பற்றைக்குள் போனால் போகட்டும், பின்னால் ஒருவரும் நுழையக் கூடாது. குளங்களில் முதலை: படி கட்டின இடம் என்றாலும் கால் கழுவ இறங்க வேண்டாம், பஸ்சில் ஒரு கலன் தண்ணீர் கொண்டுபோங்கோ. மாரியில் எலிக்காய்ச்சல் பயமும் இருக்கு, வெறுங்காலோடு வயல் வரம்பில் நடக்க விடாதையுங்கோ.

களப்போரம்: மேலே உப்புப் படிந்து காய்ந்த தரை மாதிரி இருக்கும், உள்ளே களி. வெள்ளையாய் வெடித்துக் கிடந்தால் பெரும்பாலும் தாங்கும். கறுத்து மினுங்கினால் முழங்கால் வரை இறங்கும். செருப்புப் போனால் போனதுதான். பின்பட்டி உள்ள சப்பாத்து நல்லது.

நந்திக்கடலைக் கடக்கிற வட்டுவாகல் பாலத்தில் நின்று பார்க்க வேண்டாம், வாகனம் விலக இடம் காணாது. கரையில் இறங்கி நில்லுங்கோ. முகாம் இருக்கிற பக்கம் ஸ்கோப்பையோ கமராவையோ திருப்ப வேண்டாம், ட்ரோன் கொண்டுபோகவே வேண்டாம். மே மாதம் நந்திக்கடல், முள்ளிவாய்க்கால் பக்கம் பறவை நடை வைக்காதையுங்கோ. சனம் அஞ்சலிக்கு வருகிற மாதம் அது, பைனாகுலரோடு திரிகிற இடம் இல்லை. பறவையும் அப்போது குறைவு.

கண்ணாடி42:

மூன்று பைனாகுலரும் 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) ஆக இருந்தால் நல்லது. 10 மடங்கு புதியவர் கையில் நடுங்கும். பறவையைச் சட்டத்துக்குள் பிடிக்கவே நேரம் போய்விடும். கண்ணாடியைப் பொருத்துகிற முறையைப் பஸ் புறப்படுமுன் சொல்லிக்கொடுங்கள். இரு குழலையும் மடித்து ஒரே வட்டம் தெரிய வைக்க வேண்டும். வலக்கண்ணை மூடி, நடுச்சில்லால் இடக்கண்ணுக்குத் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்க வேண்டும். அதன்பின் நடுச்சில்லை மட்டும் தொட்டால் போதும். மூக்குக்கண்ணாடி போட்டவர் கண்கிண்ணத்தை உள்ளே திருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு சின்னத் துளைதான் தெரியும்.

கை மாறும்போது அந்த வலப்பக்க வளையம்தான் கலைந்துபோகும். அடுத்த பிள்ளை 'ஒன்றும் தெரியேல்ல' என்று திருப்பிக் கொடுப்பதற்குப் பாதிக் காரணம் இது. வளையத்தின் நடுநிலையில் வெள்ளை ரேப் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். வாங்குகிறவர் அதற்குக் கொண்டுவந்து அங்கிருந்து பொருத்தலாம். மண் படிந்தால் சேட்டால் துடைக்க விடாதீர்கள். முதலில் ஊதி மண்ணைப் போக்கிவிட்டுத் துடைக்க வேண்டும், இல்லையெனில் வில்லைப் பூச்சு கீறுப்படும்.

25 பேர் ஒரே வரிசையில் போனால் முன்னால் ஐந்து பேர் பார்ப்பார்கள், மிச்சம் இருபது பேர் கதைப்பார்கள். இரண்டாகப் பிரியுங்கள். ஒரு குழு ஸ்கோப்போடு ஓரிடத்தில் நிற்கட்டும், மற்றது பைனாகுலரோடு நடக்கட்டும், ஒரு மணித்தியாலத்தில் மாறுங்கள். ஸ்கோப் காலைத் தாழ்த்தி, இருந்து பார்க்கிற உயரத்தில் வைத்தால் வாடைக்காற்றுக்கும் அசையாது, பறவைக்கும் ஆள் உருவம் சின்னதாகத் தெரியும். தலைகள் ஒன்றாக நிமிர்ந்து, தீனை நிறுத்தி, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் கிட்டப் போய்விட்டீர்கள். அங்கேயே நிற்காமல் சில அடி பின்வாங்குங்கள். குடை விரிப்பதும் கை நீட்டிக் காட்டுவதும் சத்தத்தைவிடக் கூடுதலாகக் கலைக்கும். ஊர் நாய்களையும் மறக்காதீர்கள்: விசுக்கோத்து ஒன்று போட்டால் நாய் பின்னால் வந்து சேறு முழுக்க ஓடி எல்லாவற்றையும் எழுப்பிவிடும். சாப்பாட்டுப் பொதியைத் திரும்பிப் பஸ்சுக்கு வந்தபின் அவிழுங்கள், லஞ்ச் சீற் எல்லாம் ஒரு பையில் திரும்பிப் போகட்டும்.

எண்ணிக்கை பயன்படும், ஒழுங்காக எடுத்தால். பெருங்கூட்டத்தை ஒன்றொன்றாக எண்ண முயன்று நடுவில் தவறவிடுவதே வழக்கம். ஒரு ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, ஐம்பதாக, நூறாக அளந்து கூட்டத்தின் மறு ஓரம் வரை போங்கள். இரண்டு பேர் தனித்தனியே செய்து, எழுதின பிறகே ஒப்பிட வேண்டும். முதலே வாய்விட்டுச் சொன்னால் மற்றவர் அதற்குக் கிட்டத்தான் சொல்லுவார். ஈபேர்ட்டில் (பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற இணையத்தளம்) குழுவுக்கு ஒரே பட்டியல் போட்டு மற்றவர்களுடன் பகிருங்கள், ஒவ்வொருவரும் தனித்தனியே போட்டால் ஆயிரம் வாத்து ஐயாயிரமாகிவிடும். தொடங்கின நேரம், நடந்த தூரம், ஆள் தொகை மூன்றும் இருக்க வேண்டும். பஸ்சில் அடுத்த குளத்துக்குப் போனால் புதுப் பட்டியல். இனம் தெரியாததை 'உள்ளான் வகை' என்று விடுவது நேர்மை. பறவையை இனங்காட்டுகிற மெர்லின் செயலி சொல்லிவிட்டது என்பதற்காக அரிதான பறவையை எழுத வேண்டாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும், அதற்குமுன் இரண்டு மூன்று நடை பழகினால் பிள்ளைகளும் கைகொடுக்கலாம்.

பரந்தன்_வாசகர்:

எல்லாருக்கும் நன்றி. அப்ப செப்டெம்பர் இரணைமடு, ஜனவரி வங்காலை, மார்ச் களப்பு என்று மாற்றுறம். குறுக்கே ஒன்று: பூநாரைக்கு ஆனையிறவில் ஏ9 றோட்டோரம் நிற்கலாமா? சுண்டிக்குளத்துக்கு அனுமதி பிந்தினால்?

குளக்கட்டு:

நிற்கலாம், பஸ் முழுதாக றோட்டை விட்டு இறங்கக்கூடிய இடம் பார்த்து. ஏ9இல் வாகனம் வேகமாக வரும், பிள்ளைகள் றோட்டுக்கு மற்றப் பக்கம் போகாமல் இறங்கின பக்கத்திலேயே நிற்கட்டும். உப்பளப் பாத்திகளில் உள்ளான் கூட்டம் கூடுதலாகத் தெரியும், ஆனால் உப்பளத்துக்குள் காலடி வைக்க உப்பளத்துக்காரரிட்டைத் தனியாகக் கேட்க வேணும். போகிறதுக்கு முதல்நாள் அந்தப் பக்கம் பஸ் ஓடுகிற ஆரையாவது விசாரியுங்கோ. தூரத்தில் பூநாரைக் கூட்டம் வெள்ளைக்கோடு மாதிரித் தெரியுது என்று சொன்னால் வெளிக்கிடுங்கோ, இல்லையென்றால் கனகாம்பிகைக்குளத்தில் தாமரைக்கோழி பார்க்கலாம்.