மாறி மாறி எழுதும் கதை நின்றுவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நான்கு பேர், ஆளுக்கொரு பாத்திரமாக டெலிகிராமில் மாறி மாறி எழுதும் கதையை மூன்று வாரத்துக்கு முன் தொடங்கினோம். களம் 1943, ரப்பர் தோட்ட லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்த காலம். தாத்தாக்கள் சொல்லிக் கேட்டது என்பதால் விட மனமில்லை.

ஆறாவது பதிவிலேயே சிக்கல். தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணியாக எழுதுபவர், என் பாத்திரமான பால்வெட்டுக்காரி பயந்துபோய்ச் சம்மதித்தாள் என்று அவரே எழுதிவிட்டார். அவள் மனதை நான்தானே எழுத வேண்டும்? அப்புறம் யாரும் தொடரவில்லை.

முறை வைத்தோம், பத்து வரி வரம்பு வைத்தோம், பாத்திரக் குறிப்பும் எழுதினோம். பகடை உருட்டியும் பார்த்தோம். கதையில் உயிரே இல்லை.

ஒருவரின் பாத்திரம் இன்னொருவரின் பாத்திரத்தை மிரட்டும்போது, முடிவை யார், எப்படி எழுதுவது?