வீடு பிடித்துவிட்டது, தெருதான் பிடிபடவில்லை (வேளச்சேரி / பெருங்குடி)

தாமிரபரணி_தண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு மாறுகிறேன், கூட அம்மா மட்டும். வேலை ஓ.எம்.ஆரில், மதியம் ஆரம்பித்து ராத்திரி பத்து மணி வரை. ஆபீஸ் வண்டி உண்டு, ஆனால் தெருமுனையோடு இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள், ஆக வீட்டு வாசலை மிதிக்கும்போது பத்தே முக்கால் ஆகிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டு வீடு பார்த்ததில் இரண்டு மிஞ்சியிருக்கிறது. ஒன்று வேளச்சேரியில் விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் உள்தெரு, பழைய வீட்டின் முதல் மாடி, கீழே ஹவுஸ் ஓனர். தெரு குறுகல், முனையில் மாவுக் கடை, ஒரு இஸ்திரி வண்டி, நாலைந்து நாய்கள், எதிர்ப்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். இன்னொன்று பெருங்குடியில் புது அபார்ட்மென்ட். கேட், வாட்ச்மேன், கேமரா, லிஃப்ட் எல்லாம் இருக்கிறது, தெருவும் அகலம், வாடகை மட்டும் இரண்டாயிரம் கூட. புரோக்கர் "டீசன்ட் ஏரியா மேடம்" என்று பத்துத் தடவை சொன்னார். எதற்கு அத்தனை தடவை சொல்கிறார் என்பதுதான் இடிக்கிறது.

ஊரில் என்றால் யார் வீடு எது, யார் யாருடைய மகன் என்று தெரியும். இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாவுக்கு வேளச்சேரித் தெருவைப் பார்த்ததுமே பயம், எனக்கோ பெருங்குடியில் ஏனென்றே தெரியாமல் ஒரு மாதிரி இருந்தது. இந்த "ஒரு மாதிரி"யை நம்பலாமா? புதன்கிழமை இன்னொரு தடவை வருகிறேன், டோக்கன் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும்?

மாடிவீட்டு_அக்கா:

டோக்கன் கொடுக்காமல் வந்தாயே, நல்ல காரியம் தங்கச்சி. பதினாறு வருஷத்தில் சென்னையில் ஆறு வீடு மாறியவள் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எல்லாத் தெருவும் நல்ல தெருதான். நீ வேலை முடிந்து வரப்போகிற அதே நேரத்துக்குப் போ, வண்டி உன்னை எங்கே இறக்கிவிடுமோ அங்கேயே இறங்கு, வீட்டுக் கதவு வரை நடந்து பார். வேளச்சேரி நல்லதா பெருங்குடி நல்லதா என்ற பேச்சே வேண்டாம். அந்தக் கடைசி நானூறு அடிதான் உன் ஏரியா.

விளக்கு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்காதே, தரையைப் பார். கம்பத்தை ஒட்டி மரம் வளர்ந்திருந்தால் விளக்கு இலைக்கு மேலே ஜோராக எரியும், கீழே கும்மிருட்டு. அப்புறம் அந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்று கவனி. மெடிக்கல் ஷாப் எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்குகிறான், டிபன் கடையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறதா. தனியாகப் போகிற பெண்கள் கண்ணில் பட்டால் எப்படிப் போகிறார்கள் என்று பார்: போனைக் காதில் ஒட்டிக்கொண்டு விறுவிறுவென்று போகிறார்களா, தயிர் பாக்கெட்டை ஆட்டிக்கொண்டு மெதுவாகப் போகிறார்களா? எனக்கு அந்த ஒன்றே பாதி பதில்.

டாஸ்மாக் பன்னிரண்டுக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு மூடும், அதாவது கடைசிக் கூட்டம் கலைகிற நேரமும் நீ வருகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. கடை பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, வாங்கியவன் எங்கே போய் உட்காருகிறான் என்று பார்க்க வேண்டும். அதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்குப் போ. காலி மனையிலோ பாதியில் நின்றுபோன கட்டடத்திலோ பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் சிதறிக் கிடந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இஸ்திரி வண்டி இருக்கிறது என்றாயே, அந்த அண்ணனை விடாதே. தெருவில் எந்த வீட்டில் யார், எப்போது வருவார், எப்போது போவார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் "இங்கே பாதுகாப்பா?" என்று கேட்டால் எவரும் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார்கள். "இந்த வீட்டில் முன்னே இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" என்று கேள். "உங்க வீட்டுப் பொண்ணு டியூஷன் முடிஞ்சு தனியா வருமா?" என்று கேள்.

நான் ஒரு வருஷம் இருந்த தெரு ஒன்று, பெயர் வேண்டாம், இரண்டு பக்கமும் உயரமான காம்பவுண்டு சுவர், குப்பை கிடையாது, பார்த்தால் பொறாமையாக இருக்கும். காலை ஆறரைக்குப் பால் வாங்கப் போனபோது பைக்கில் வந்தவன் செயினை அறுத்துக்கொண்டு போனான். கத்தினேன், ஒரு ஜன்னல் திறக்கவில்லை. ஏ.சி. போட்டுத் தூங்குகிறவர்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்!

வயர்மேன்:

கேமராவை எண்ணி ஏமாறாதீர்கள். எங்கள் தெருவில் பதினொன்று இருந்தது, பைக் காணாமல் போனபோது பார்த்தால் வேலை செய்தது மூன்று, அதில் ஒன்றில் ஓனர் வீட்டு வாழை மரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம், தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். பார்க்கலாம்தான், 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் பாலியல் குற்றம் மாதிரியான வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு, தெருவில் ஒருவன் பின்னாலேயே வந்தான் என்பதற்கெல்லாம் பாதிப் பேர் ஸ்டேஷனுக்கே போவதில்லை. அங்கே ஒன்றும் இல்லை என்பதால் தெருவில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

கண்ணகிநகர்_பையன்:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சிஸ்டர், உங்கள் பதிவில் நாய்களுக்கு அடுத்து ஓட்டு வீடுகளையும் பயப்பட வேண்டிய பட்டியலில் சேர்த்த மாதிரி எனக்குப் பட்டது. நான் வளர்ந்தது கண்ணகி நகர். 2000-லிருந்து நகரத்துக்குள் இருந்த குடிசைகளை எடுத்து எங்களைக் கொண்டுவந்து போட்ட இடம். முகவரியைச் சொன்னாலே இன்டர்வியூவில் முகம் மாறும், ஆட்டோ வராது. 2025-இல் எங்கள் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கி வந்த பிறகுதான் எங்கள் ஊர் பெயர் நல்ல செய்தியில் வந்தது.

அதற்காக எங்கள் பக்கம் எல்லாத் தெருவும் ஒன்று என்று கதை விடமாட்டேன். என் தங்கச்சியை ராத்திரியில் தனியாக அனுப்பாத பிளாக்கும் உண்டு. ஆனால் நாங்கள் இருந்த பிளாக்கில் பதினோரு மணிக்கும் அம்மாக்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், தெரியாதவன் ஒருவன் இரண்டு சுற்று சுற்றினால் மூன்றாவது சுற்றில் பிடித்து நிறுத்தி யாரென்று கேட்டுவிடுவார்கள். ஏழைத் தெருவா என்று பார்ப்பதும் ஆபத்தான தெருவா என்று பார்ப்பதும் ஒன்றில்லை. அம்மாவிடம் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஷிப்ட்_ராணி:

வண்டி விஷயம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்தால் போக்குவரத்து ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பது, கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறக்க அனுமதித்த 2019 அரசாணையிலேயே இருக்கிற நிபந்தனை. தெருமுனையோடு திரும்புவது பெரும்பாலும் ரிவர்ஸ் எடுக்கிற சோம்பல்தான். அட்மினுக்கு எழுத்தில் போடுங்கள், கதவு திறக்கும் வரை வண்டி நிற்க வேண்டும் என்று. நான் அப்படித்தான் வாங்கினேன், டிரைவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அப்புறம் சரியாகிவிட்டார்.

ஏரிக்கரை:

திருடனைப் பற்றியே பேசுகிறீர்களே, தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை! இரண்டு இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் இரண்டிலும் வேளச்சேரி என்ன பாடுபட்டது என்று கேளுங்கள். பெரிய மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். ரோட்டிலிருந்து படி ஏறி வீட்டுக்குள் போகிறீர்களா, படி இறங்கிப் போகிறீர்களா? காம்பவுண்டு சுவரில் பழைய தண்ணீர்க் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது, ஈ.பி. மீட்டர் அதற்கு மேலே இருக்கிறதா? மாடி வீடானாலும் இடுப்பளவு தண்ணீரில் மீட்டர் முழுகினால் அம்மா இருட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தாமிரபரணி_தண்ணி:

எல்லோருக்கும் நன்றி. கண்ணகிநகர் தம்பி, நீங்கள் சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது. அந்தப் பட்டியலை எழுதியபோது எனக்கே தெரியவில்லை.

புதன் ராத்திரி இரண்டு இடமும் போனேன், துணைக்கு அம்மா. பெருங்குடியில் இறங்கும்போது பத்து இருபது. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது. ஒரு பக்கம் தகரம் அடித்த காலி மனை, மறுபக்கம் நீளமாகச் சுவர், எட்டு நிமிஷ நடையில் எதிரே ஒரு ஆள் வரவில்லை. அவ்வளவு வெளிச்சத்திலும் நான் மட்டும்தான் தெரிந்தேன், வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை, அந்த "ஒரு மாதிரி" அதுதான் போல. வாட்ச்மேன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் கேட்டைத் தாண்டி லிஃப்ட் வரை போய்த் திரும்பியும் நிமிரவில்லை.

வேளச்சேரியில் மாவுக் கடை மூடியிருந்தது, ஆனால் கடைக்காரர் வாசலில் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓட்டு வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் மறுநாளைக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைத்ததும் அதில் ஒரு அக்கா, "டேய் மணி, சும்மா இரு" என்று அதட்டிவிட்டு, "யார் வீட்டுக்கும்மா?" என்று கேட்டார். அம்மாவின் பிடி என் கையில் அப்போதுதான் தளர்ந்தது, ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் முதலில் வருகிற கேள்வி அதுதானே.

மறுநாள் காலை இஸ்திரி அண்ணனைப் பிடித்தேன். 2023-இல் தண்ணீர் அவர் வண்டிச் சக்கரத்தை முழுக்கியதாம், வீட்டு மீட்டர் அதற்குப் பிறகு மேலே ஏற்றியிருக்கிறார்கள், கண்ணாலும் பார்த்தேன். முன்னே இருந்தவர்கள் காலி செய்தது மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததால்.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு திருப்பம் மட்டும் இருட்டு. 1913-க்கு அடித்து விளக்குக்குப் புகார் கொடுத்திருக்கிறேன், போடுகிறார்களா பார்ப்போம். இன்னொரு தொந்தரவு ஹவுஸ் ஓனர் அம்மா, "தினமுமா பத்தே முக்கால்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். தெருவைப் பார்த்துக்கொள்கிற கண் நம்மையும் சேர்த்துத்தான் பார்க்கும் போலிருக்கிறது. ஆபீஸ் ஐடி கார்டைக் காட்டியிருக்கிறேன். சனிக்கிழமை அட்வான்ஸ்.

மாடிவீட்டு_அக்கா:

மணிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போடு, ஒரே வாரத்தில் உன் ஆள்.

கிண்டி_2024:

அப்போ அந்தப் பெருங்குடி வீடு காலியாகத்தானே இருக்கிறது? பேச்சிலருக்குத் தருவார்களா?