கணினி மாறினால் எக்செல் ஷீட்டின் கோலமும் மாறுகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என்னுடையது. எங்கள் சங்கத்து உறுப்பினர் பட்டியலும் வரவு செலவும் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. நான் விண்டோஸில் நிர்மலா யுஐ எழுத்துருவில் பார்த்துப் பார்த்துச் செய்தது. கூட்டத்தன்று செயலாளரின் லினக்ஸ் கணினியில், எக்செல் கோப்பைத் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் திறந்தோம். தொகை இருக்க வேண்டிய இடமெல்லாம் ##### என்று நிற்கிறது. அதைவிட மனசு கஷ்டப்பட்டது பெயர்களைப் பார்த்துத்தான், பல பெயர்களில் புள்ளியே இல்லை. கண்ணன் 'கணணன' ஆகிவிட்டார், முத்தம்மாள் 'முததமமாள' ஆகிவிட்டார். பெயர் தப்பாக வந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தோண்டியதில் புரிந்தது. கோப்புக்குள் எழுத்துருவின் பெயர் மட்டும்தான் போகிறது, எழுத்துரு போவதில்லை, எக்செல்லில் அதை உள்ளே பதித்து அனுப்பவும் வழியில்லை. அந்தக் கணினியில் நிர்மலா இல்லாததால் அது வேறொன்றை எடுத்துக்கொண்டது, அது கொஞ்சம் உயரமானது, நானோ வரிசை உயரத்தை 15 பாயின்ட் என்று கட்டிப்போட்டிருந்தேன், மேலே இருந்த புள்ளிகள் வெட்டுப்பட்டுவிட்டன. நெடுவரிசை அகலமும் இப்படித்தான். 8.43 என்று காட்டுகிறதே, அது செ.மீ. கணக்கு இல்லை, கோப்பின் இயல்பு எழுத்துருவில் எத்தனை பூஜ்ஜியம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்ற கணக்கு. எழுத்துரு மாறினால் அந்த அளவும் நகரும், எண்ணுக்கு இடம் போதாவிட்டால் உடனே #####.

இப்போது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டேன், இலவசம்தான். வரிசை உயரத்தைத் தானாக அமையும்படி விட்டாயிற்று. தொகைக்கான நெடுவரிசையில் 2, 3 எழுத்து அகலம் சும்மா விட்டு வைக்கிறேன்.

* * *

எனக்கு நடந்தது தேதியில். இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. ஆப்பிளின் மேக் கணினியில் வெகு காலம் முன்பு உருவாக்கிய ஒரு கோப்பிலிருந்து, உறுப்பினர்கள் சேர்ந்த தேதிகளை என் விண்டோஸ் கோப்பில் ஒட்டினேன். 10-03-2018 இருக்க வேண்டிய இடத்தில் 09-03-2014. இப்படியே எல்லாத் தேதியும் 4 வருஷம் 1 நாள் பின்னால் போயிருந்தன. இரண்டு மாதம் யாருமே கவனிக்கவில்லை.

எக்செல் தேதியை வெறும் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, நாம் பார்ப்பது அதன் மேல் போட்ட சட்டை. விண்டோஸில் அந்த எண்ணிக்கை 1900-இல் தொடங்கும், மேக்கில் அந்தக் காலத்தில் 1904-இல் தொடங்கும், வித்தியாசம் 1462 நாள். 2011 பதிப்பிலிருந்து மேக்கிலும் 1900தான் இயல்பு, ஆனால் பழைய கோப்பு பழைய கணக்கைக் கூடவே சுமந்து வரும். ஒரு காலி செல்லில் 1462 என்று அடித்து, அதை நகலெடுத்து, தவறான தேதிகளின் மேல் பேஸ்ட் ஸ்பெஷலில் 'கூட்டு' கொடுத்தேன், சரியாகிவிட்டது. தயவுசெய்து ஆப்ஷன்ஸில் போய் 1904 டிக்கை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஏற்கெனவே சரியாக இருக்கிற தேதிகளும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

* * *

சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாகச் சேமித்த பட்டியல் கோப்பு, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக மாறி மாறி வரும். பார்த்ததும் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், நான் ஒருமுறை அழித்துவிட்டு அப்புறம் 600 பெயர்களைத் திரும்ப அடித்தேன். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை யூடிஎஃப் 8, 'இது யூடிஎஃப் 8' என்று சொல்லும் 3 பைட் அடையாளம் கோப்பின் தொடக்கத்தில் இல்லாததால் எக்செல் வேறு குறியீடாக நினைத்துப் படிக்கிறது, அவ்வளவுதான். டேட்டா பகுதியில் போய் இறக்குமதி செய்து, யூடிஎஃப் 8 என்று தேர்ந்தெடுங்கள். அப்படியே அடையாள எண் இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் 00417 வெறும் 417 ஆகிவிடும்.

* * *

தேதி விஷயம் சொன்னவருக்கு மிக்க நன்றி. படித்ததும் பயந்துபோய் எங்கள் பழைய பட்டியலைக் கையெழுத்துப் பதிவேட்டோடு வைத்து ஒப்பிட்டேன். 11 பேருக்குத் தேதி சரியாக அந்த 1462 நாள் தள்ளி இருக்கிறது. இன்றைக்கே திருத்துகிறேன்.