டிவைஸ் ட்ரீ: செக்சம் வசதிக்கு என்ன பெயர் வைப்பது?

கேள்வி: எஃப்பிஜிஏவில் (உள் சர்க்யூட்டை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்) சொந்தமாக ஈதர்நெட் மேக் (நெட்வொர்க் ஃபிரேம்களை அனுப்பிப் பெறும் வன்பொருள்) செய்கிறோம். சில பில்டுகளில் செக்சம் ஆஃப்லோட் (பிழை கண்டுபிடிக்கும் எண்ணை சிபியுவுக்குப் பதில் வன்பொருளே கணக்கிடுவது) இருக்கும், சிலவற்றில் இருக்காது. டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளை கெர்னலுக்கு விவரிக்கும் தரவு) 'எனேபிள்-செக்சம்' என்று பிராப்பர்ட்டி வைத்தேன். ரிவ்யூவில் ஒருவர் முகம் சுளிக்கிறார். ஏன்?

பதில் 1: 'எனேபிள்' என்பது கட்டளை. டிவைஸ் ட்ரீ வன்பொருளில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை டிரைவரும் ஈத்டூலும் (லினக்ஸில் நெட்வொர்க் கார்டு அமைப்புகளை மாற்றும் கருவி) பார்த்துக்கொள்ளும். பெயருக்கு முன் உங்கள் வெண்டர் பிரிஃபிக்ஸும் (நிறுவனத்தின் சுருக்கப் பெயர்) ஒரு காற்புள்ளியும் வர வேண்டும். அண்டர்ஸ்கோர் வேண்டாம், ஹைஃபன் போடுங்கள். சைலின்க்ஸ் ஆக்ஸி ஈதர்நெட்டின் டிஎக்ஸ்-செக்சம் பிராப்பர்ட்டியைப் பாருங்கள்: 0 என்றால் இல்லை, 1 பகுதி, 2 முழுசு. வெறும் பூலியனாக (உண்டு அல்லது இல்லை என்று மட்டும்) வைத்திருந்தால் இந்தப் பகுதி-முழுசு வித்தியாசத்தைச் சொல்லவே முடியாது. (அதன் விளக்கத்திலும் 'எனேபிள்' எட்டிப் பார்க்கும். அதை மட்டும் காப்பி அடிக்காதீர்கள்.)

பதில் 2: அதற்கு முன், மேக்கிலேயே ஒரு ஃபீச்சர் ரெஜிஸ்டர் (என்னென்ன வசதி உண்டு என்று டிரைவர் படித்துக்கொள்ளும் இடம்) வைக்க முடியாதா? சினாப்சிஸ் நிறுவனத்தின் டிசைன்வேர் வரிசையின் புதிய மேக்குகளில் இருக்கிறதே. படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தால் பிராப்பர்ட்டியே தேவையில்லை.

கேட்டவர்: ரெஜிஸ்டர் இடம் இருக்கிறது, போட்டுவிடலாம். அப்புறம் ஜம்போ ஃபிரேம் (வழக்கமானதைவிடப் பெரிய ஃபிரேம்) ஆதரவை எப்படிச் சொல்வது?

பதில் 1: அதற்குப் பொதுப் பெயரே உண்டு: 'மேக்ஸ்-ஃபிரேம்-சைஸ்'. பெயர் அப்படி இருந்தாலும் லினக்ஸ் பைண்டிங்கில் (பிராப்பர்ட்டிகளின் பொருளை வரையறுக்கும் ஆவணம்) அது எம்டியூ, அதாவது ஃபிரேமின் ஹெடரையும் முடிவில் வரும் செக்சத்தையும் சேர்க்காமல் உள்ளே போகும் தரவின் உச்ச அளவு. 9000 போடுங்கள், 9018 அல்ல.