கம்பனி தந்த குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். காசாவில் நடப்பதைப் பார்த்தபின் ஒரு வெளிநாட்டுச் சோடாவை இனி விற்பதில்லை என்று முடிவெடுத்தேன், அதில் மாற்றமில்லை. சிக்கல் குளிர்சாதனப் பெட்டிதான். கண்ணாடிக் கதவுப் பெட்டி, அந்தக் கம்பனி தந்தது. வேறு சோடா வைக்கக் கூடாதென்று ஒப்பந்தம். தட்டுகள் வெறுமையாகக் கிடக்க, உள்ளே விளக்கு மட்டும் எரிகிறது.

பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்படி விற்பனைப் பிரதிநிதியிடம் 3 முறை சொன்னேன். கடிதமும் கொடுத்தேன். 6 வாரமாகப் பதிலில்லை.

மாற்றுச் சோடா தேடிப் பார்கோடும் பார்த்தேன். 479 என்று தொடங்கினால் எண் இலங்கையில் பதிவானது, அவ்வளவுதான். இலாபம் யாருக்குப் போகிறது என்று அது சொல்லாது. எதைப் புறக்கணிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களை நம்பி உள்ளூர்க்காரரை ஒதுக்கிவிடாதீர்கள்.

வைப்புப் பணத்தை இழக்காமல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அதை எப்படிச் செய்தீர்கள்?