சால்மோனெல்லாவுக்கு எதிராகப் பேஜ்கள்: எங்கே, எதுவரை?

நுண்ணோக்கி:
கோழிகளின் குடலில் தங்கி, இறைச்சி வழியே மனிதருக்கும் நோய் தரும் சால்மோனெல்லா பாக்டீரியாவை அடக்க, பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்) கலவையைக் கோழிகளின் குடிநீரில் கொடுப்பதே ஆன்டிபயாடிக்கிற்குத் தகுந்த மாற்று என்பது என் உறுதியான கருத்து. இது புதிய யோசனையும் அல்ல. 1919இலேயே பேஜைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான டெரெல், சால்மோனெல்லாவால் வரும் கோழி டைஃபாய்டுக்குப் பேஜ்களைக் கொடுத்துப் பார்த்தார். பேஜ் தனக்குரிய பாக்டீரியாவை மட்டும் தாக்குவதால், குடலின் மற்ற நுண்ணுயிரிகள் பிழைத்துக்கொள்கின்றன.

தர ஆய்வர்:
எண்ணிக்கை குறையும் என்பதை நான் மறுக்கவில்லை; போதுமா என்பதே என் கேள்வி. அறுத்த கோழியின் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் பாக்டீரியா இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்த பின்னும் நூறு மிஞ்சும். சமைக்காமல் உண்ணும் உணவுக்கோ, 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே வழக்கமான அளவுகோல். பேஜ் இரையைத் தேடிப் போவதில்லை, தற்செயலாக மோதினால்தான் ஒட்டும்; இறகுக் குழிக்குள் பதுங்கிய பாக்டீரியாவை, அறுத்தபின் இறைச்சியின் மேல் தெளிக்கும் பேஜ் திரவமும் எளிதில் எட்டாது.

ஆய்வகத்தான்:
கண்டறிதலில்தான் பேஜின் உண்மையான பலம் இருக்கிறது. வழக்கமான வளர்ப்பு முறையில் உறுதியான முடிவு வர நான்கைந்து நாள் ஆகும். டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறை விரைவானது என்றாலும், செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் காட்டிவிடக்கூடும். பேஜ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் என்பதால், ஒளியுண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவைச் சேர்த்த பேஜ் ஒளிர்ந்தால் அங்கே உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது என்று பொருள். ஆனால் சால்மோனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட செரோவகைகள் (மேற்பரப்பு மூலக்கூறுகளைக் கொண்டு பிரித்தறியும் உட்பிரிவுகள்) உண்டு. பரந்த வீச்சுள்ள ஃபெலிக்ஸ் ஓ1 பேஜும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை; தவறவிட்டால், மாசடைந்த மாதிரி சுத்தமானதாக அறிக்கையில் ஏறிவிடும்.

தர ஆய்வர்:
இன்னொரு அச்சமும் எனக்கு உண்டு. பி22 என்ற பேஜ் ஒரு சால்மோனெல்லாவின் மரபணுவை இன்னொன்றுக்குச் சுமந்து செல்வதை, ஆய்வாளர்கள் ஜிண்டரும் லெடர்பெர்க்கும் 1952இலேயே காட்டிவிட்டார்கள். ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவை நாமே தண்ணீரில் கலந்து பரப்பலாமா?

நுண்ணோக்கி:
நியாயமான அச்சம்தான், ஆனால் அதைத் தவிர்க்க வழி உண்டு. பி22 போன்றவை பாக்டீரியாவைக் கொல்லாமல் அதற்குள்ளேயே தங்கிவிடக்கூடியவை என்பதால், பாக்டீரியா படர்ந்த பெட்ரி தட்டில் செல்களை அழித்து அவை விடும் வட்டத்தின் நடுவே மங்கல் படர்ந்திருக்கும். தெளிந்த வட்டம் விடுபவற்றை மட்டும் எடுத்து, மரபணுத் தொடரை முழுவதும் படித்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். பேஜுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும் பாக்டீரியா பல நேரங்களில் பேஜ் ஒட்டும் இடமான, தன் மேலுறையிலுள்ள ஓ-ஆன்டிஜன் என்ற சர்க்கரைச் சங்கிலியை இழக்கிறது. இழந்தால் அதன் நோய் உண்டாக்கும் வலிமையும் குறைகிறது.

தர ஆய்வர்:
பல நேரங்களில் என்கிறீர்கள், எப்போதும் என்று சொல்ல உங்களால் முடியவில்லை. வாரக்கணக்கில் கொடுத்தால், எதிர்ப்புள்ள வகை கொட்டகைத் தரையின் எச்சக் குப்பையில் கலந்து அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்கும் போய்ச் சேரும்.

நுண்ணோக்கி:
அதனால்தான் வளர்ப்புக் காலம் முழுவதும் கொடுக்காமல், அறுப்புக்கு முந்தைய ஓரிரு நாளில் மட்டும் கொடுக்கச் சொல்கிறேன்.

தர ஆய்வர்:
அந்த அளவோடு நிறுத்துவதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கொட்டகை காலியானதும் குப்பையைச் சோதித்து, மிஞ்சிய சால்மோனெல்லா அதே கலவைக்கு இன்னும் மடிகிறதா என்று பார்க்காமல் புதுக் குஞ்சுகளை இறக்கக் கூடாது.