ஒரே தளத்தில் பழைய எடிட்டரையும் புதிய எடிட்டரையும் அனுமதித்த பின் கட்டுரை குலைந்துவிட்டது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். வேர்ட்பிரஸில் இயங்கும் எங்கள் தளத்தில் ஆறு பேர் எழுதுகிறோம். 2018 டிசம்பரில் வெளிவந்த 5.0 பதிப்போடு பிளாக் எடிட்டர் (பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனி ‘பிளாக்’ ஆக வைக்கும் புதிய எடிட்டர்) இயல்பான எடிட்டராக ஆனபோது, மூத்த எழுத்தாளர்கள் இருவரை மனத்தில் வைத்து, பழைய எடிட்டரை மீண்டும் கொண்டுவரும் கிளாசிக் எடிட்டர் செருகுநிரலை நிறுவினேன். பல ஆண்டுகளாக அவர்கள் கைக்குப் பழகிய பெட்டியைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற நால்வரும் புதியதைக் கேட்டுக்கொண்டே இருந்ததால், சென்ற மாதம் அமைப்புகளில் உள்ள எழுதுதல் பக்கத்தில், பயனர்கள் எடிட்டரை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் தேர்வை ‘ஆம்’ என்று வைத்தேன்.

அதன் பிறகு இரண்டு சிக்கல்கள். இரண்டு நெடுவரிசைகளாக அமைத்த ஒரு கட்டுரையை மூத்தவர் ஒருவர் கிளாசிக் எடிட்டரில் திறந்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதோடு, வெற்றாகத் தெரிந்த ஒரு வரியையும் பேக்ஸ்பேஸ் தட்டி மேலே இழுத்துச் சேமித்திருக்கிறார். இப்போது பிளாக் எடிட்டரில் திறந்தால், நெடுவரிசை இருந்த இடத்தில், எதிர்பாராத அல்லது செல்லாத உள்ளடக்கம் உள்ளது என்ற அறிவிப்பு நிற்கிறது. இரண்டாவதாக, ‘நூல் அறிமுகம்’ என்ற தனிப் பதிவு வகை (வழக்கமான பதிவுகளிலிருந்து பிரித்து நாங்கள் வைத்திருக்கும் வகை) மட்டும் யார் திறந்தாலும் பழைய எடிட்டரிலேயே திறக்கிறது. நான் எடுத்த முடிவே தவறா?

மறுமொழி 1

முடிவு தவறில்லை ஐயா. எழுதுகிறவருக்கு எது கைவருமோ அதில் எழுத விடுவதே முறை என்றுதான் நானும் கருதுகிறேன். ஆனால் தேர்வு ஆளுக்கு உரியதாக இருக்கலாமே தவிர, ஒரே கட்டுரை இரண்டு எடிட்டர்களுக்கும் இடையே போய்வரக் கூடாது.

காரணம் இதுதான். பிளாக் எடிட்டர் ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் ஹெச்டிஎம்எல் குறிப்பு (பக்கத்தின் குறியீட்டில் இருந்தும் வாசகருக்குத் தெரியாத வரி) ஒன்றை எழுதி வைக்கிறது. அந்தப் பிளாக்கின் அமைப்புகளும் தொடக்கக் குறிப்புக்குள்ளேயே இருக்கின்றன. கிளாசிக் எடிட்டரின் காட்சிப் பக்கத்தில் இவை கண்ணுக்குத் தெரியாது. வெற்று வரி என்று நினைத்து அவர் அழித்தது, பெரும்பாலும் ஒரு நெடுவரிசை முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையாக இருந்திருக்கும். பிளாக் எடிட்டர் மீண்டும் திறக்கும்போது, அந்தப் பிளாக் உருவாக்கியிருக்க வேண்டிய குறியீட்டையும் சேமித்து வைத்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் நீங்கள் கண்ட அறிவிப்பு வரும். அங்கே உள்ள மீட்பு பொத்தானை உடனே அழுத்த வேண்டாம், அது சில நேரம் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியை விட்டுவிடும். அந்தக் கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்து, மூத்தவர் சேமித்ததற்கு முந்தைய நிலையை மீட்டெடுத்துவிட்டு, எழுத்துப்பிழையை மட்டும் பிளாக் எடிட்டரில் திருத்துங்கள்.

இனி இப்படி நேராதிருக்க, பதிவுகளின் பட்டியலைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ளும் அனுமதி இருக்கும்போது, தலைப்பின் அருகிலேயே அது எந்த எடிட்டருக்குரியது என்று காட்டப்படும். கீழே இரண்டு திருத்த இணைப்புகளும் இருக்கும். தலைப்பையே சொடுக்கினால், கடைசியாகப் பயன்படுத்திய எடிட்டரில், அதைப் பயன்படுத்தியவர் யாராக இருந்தாலும், அந்தப் பதிவு திறக்கும். ஆகவே மீட்டெடுத்த கட்டுரையை ஒருமுறை பிளாக் எடிட்டருக்கான இணைப்பின் வழியாகவே திறந்துவிடுங்கள். மூத்தவர்கள் தங்கள் சுயவிவரப் பக்கத்தில் கிளாசிக்கை இயல்பாக வைத்துக்கொண்டால், புதிதாகத் தொடங்கும் பதிவுகள் அதிலேயே திறக்கும்.

மறுமொழி 2

நூல் அறிமுகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு பதிவு வகை பிளாக் எடிட்டரில் திறக்க வேண்டுமானால், அதைப் பதிவுசெய்யும் நிரல்வரியில் ‘ஷோ இன் ரெஸ்ட்’ (show_in_rest, அந்த வகையின் பதிவுகளைப் பிளாக் எடிட்டர் அணுக விடும் அமைப்பு) என்ற மதிப்பு ‘ட்ரூ’ என்று இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் ‘ஃபால்ஸ்’ என்றே கொள்ளப்படும். அந்த வகைக்கு ‘எடிட்டர்’ ஆதரவும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) அந்த வகையை உருவாக்கியிருந்தால், தீமின் கோப்பில் கைவைக்காதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் மாற்றம் அழிந்துவிடும். சிறிய செருகுநிரலாகவோ சைல்ட் தீமிலோ (மூலத் தீமைத் தொடாமல் அதன் மேல் அமையும் துணைத் தீம்), பதிவு வகையின் மதிப்புகளை மாற்றும் ஃபில்டர் வழியாகச் சேருங்கள்.

ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்துபவர்கள் இதைப் படித்தால் ஒரு குறிப்பு: கிளாசிக் எடிட்டர் செருகுநிரலை நெட்வொர்க் முழுவதற்கும் (எல்லாத் தளங்களுக்கும்) இயக்கினால், கிளாசிக் எடிட்டரே இயல்பாகும், தள உரிமையாளர்களால் அதை மாற்ற முடியாது. நெட்வொர்க் அமைப்புகளில் அந்த உரிமையை நீங்களே திறந்துவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. திருத்த வரலாற்றில் முந்தைய நிலை அப்படியே இருந்தது. இரண்டு நெடுவரிசைகளும் திரும்பிவிட்டன. நூல் அறிமுகமும் இப்போது பிளாக் எடிட்டரில் திறக்கிறது. ஆனால் பழைய அறிமுகங்களைத் திறந்தால் முழு உரையும் ஒரே ‘கிளாசிக்’ பிளாக்காக வருகிறது. ஒவ்வொன்றையும் மாற்றியே தீர வேண்டுமா?

மறுமொழி 1

தேவையில்லை ஐயா. வாசகருக்கு அவை முன்புபோலவே தெரியும். ஏதேனும் ஒன்றைப் பெரிதாகத் திருத்த நேரும்போது மட்டும், அந்தப் பிளாக்கின் மேலுள்ள ‘பிளாக்குகளாக மாற்று’ பொத்தானை அழுத்தி, அட்டவணைகளும் படங்களும் சரியாக வந்தனவா என்று முன்னோட்டத்தில் பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.